ரோமானியர்களுக்குச் சுழி ஆகாது

அந்த விடைத்தாளை நான் கிழித்துப் போடவில்லை. ரேஷன் கார்டும் மகளின் பிறப்புச் சான்றிதழும் என் பட்டச் சான்றிதழும் இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் அதையும் மடித்து வைத்திருக்கிறேன். "அத இன்னாத்துக்கு வெச்சினு கீற?" என்று கணவர் கேட்டார். எடுத்துப் பார்த்தால் இன்னும் கோபம் வருகிறதா என்று சோதிக்கத்தான் என்றேன். இன்றுவரை வருகிறது. யார் மேல் என்பதுதான் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் ஊரைச் சுற்றி ஏரித் தண்ணீர். காலையில் ஸ்கூல் போட்டில் ஏறி அக்கரைக்குப் போக வேண்டும். கணக்கு டீச்சர் இந்த வருடம் புதிதாக வந்தவர். ஏரிக்கு மேற்கே நெல் விளைகிற ஊர்க்காரர். நல்ல தமிழில் பேச வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். ஜீரோ என்றால் பிடிக்காது. சைபர் வெளிநாட்டுச் சொல், பூஜ்யம் வடமொழி. சுழி என்றுதான் சொல்ல வேண்டும். ரோமன் எண்கள் பாடம் முடிந்ததும் ஒரு சின்னத் தேர்வு வைத்தார். அதில் கடைசிக் கேள்வி: ரோமன் எண்களில் சுழி ஏன் இல்லை?

என் மகள் எழுதியிருந்த பதில் இது: "ரோமானியர்கள் கடலுக்குப் போகிறவர்கள். கடலுக்குப் போகிறவர்கள் சுழி என்று சொல்லக் கூடாது. சொன்னால் போட்டு கவிழ்ந்து விடும். அதனால் அவர்கள் அதை எழுதாமல் விட்டு விட்டார்கள்."

அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் டீச்சர் ஒரு சுழி போட்டிருந்தார். பெரிய சுழி. ஒரு முறை வரைந்து, அதன் மேலேயே இன்னொரு முறையும் வரைந்திருந்தார்.

முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதை இங்கே மறைக்கக் கூடாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதற்குள் என் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"மிஸ்ஸும் இப்படித்தான் சிரிச்சாங்க" என்றாள். "எல்லாருக்கும் படிச்சுக் காட்டிட்டு சிரிச்சாங்க. கடலுக்குப் போற புத்தி கணக்குக்கும் வந்துடுச்சுனு சொன்னாங்க."

எங்கள் வீட்டில் அந்தச் சொல் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் எழுதியது வெறும் குழந்தைத்தனமாகத் தோன்றும். நான் பிறந்தது கடலைப் பார்த்த லைட்ஹவுஸ் குப்பத்தில். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் உள்ளே வரும் தண்ணீரும் வெளியே போகும் தண்ணீரும் முறுக்கிக்கொண்டு சுழலும். அதுதான் எங்களுக்குச் சுழி. என் சித்தப்பாவை அது வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. மூணு சுழி ண என்று ஊர் உலகமெல்லாம் சொல்லும் எழுத்தை நாங்கள் மூணு வளைவு ண என்போம். கடிதாசிக்கு மேலே பிள்ளையார் சுழி போட வேண்டுமென்றால், "பிள்ளையார் போடு" என்று அதோடு நிறுத்திக்கொள்வோம். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தபோது என்னோடு இந்தப் பழக்கமும் வந்தது. இங்கேயும் படகு தள்ளும் நேரத்தில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

சிரமம் அவளுக்குத்தான் வந்தது. மறுநாளிலிருந்து ஸ்கூல் போட்டில் அவளுக்குப் பெயர் சுழி. அந்தப் படகில் வரும் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள்தான். அந்தச் சொல் படகில் ஆகாது என்று அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

"டேய், சுழி ஏறுதுடா, போட்டு கவுந்துடும். அந்தாண்ட நவுறு."

படகோட்டியே ஒரு நாள், "பாப்பா, நீ பின்னாடி என்னாண்ட குந்திக்க, இதுங்க ஆட்டம் தாங்கல" என்று அவளைத் தனியாக உட்கார வைத்தார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். ஆனால் கரையில் நின்று பார்த்த எனக்கு, இருபது பிள்ளைகள் ஒரு பக்கம், என் மகள் மட்டும் மோட்டாருக்குப் பக்கத்தில் என்றுதான் தெரிந்தது. அப்போதே போய்ப் பேசியிருக்க வேண்டும். டீச்சரைப் பகைத்துக்கொண்டால் பிள்ளைக்குத்தானே கஷ்டம் என்று நினைத்தேன். பிறகு, நினைத்தது பயத்தினாலா பொறுப்பினாலா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே இரண்டு வாரம் போய்விட்டது.

அந்த இரண்டு வாரத்தில் என் மகள் சுழி போடுவதை நிறுத்திவிட்டாள்.

எனக்கு அது தெரியாது. டீச்சர் கூப்பிட்டு அனுப்பிய பிறகு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 15 + 25 என்ற கணக்குக்கு விடை XL. 12 × 5, விடை LX. 205 என்று கேள்வியில் இருந்ததைக்கூட அப்படி எழுதாமல் CCV என்று எழுதி, அதோடு 95-ஐக் கூட்டி CCC என்று முடித்திருந்தாள். சுழி வராத எண்கள் சாதாரணமாகவே இருந்தன. சுழி வரும் இடத்தில் மட்டும் ரோமானியர்கள். ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாவற்றின் மேலும் சிவப்புக் கோடு.

"இன்னாடி இது?"

"விடை."

"பரீட்சையில இப்படி எழுதினா மார்க்கு போட மாட்டாங்க."

"பரவால்ல."

"பத்துனு எழுது பாப்போம்."

X என்று எழுதினாள். பென்சிலைப் பிடுங்கி, அவள் கையைப் பிடித்து 1 போட்டு, பக்கத்தில் வட்டத்துக்குக் கையை வளைத்தேன். கை இரும்பு போல் நின்றது. ஒன்பது வயசுக் கையில் அவ்வளவு பலம் இருக்குமென்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு. கணக்குதான் முதல் பரீட்சை. சுழி இல்லாமல் ஒரு கணக்குத் தாளை எழுதிப் பாருங்கள், என்ன மிஞ்சும் என்று தெரியும். என் பயம் மதிப்பெண் மட்டும் இல்லை. சிரித்துவிட்டார்கள் என்பதற்காக ஒரு பிள்ளை ஒரு குறியையே விட்டுவிடுகிறது என்றால், அடுத்து எதை விடும்? கேள்வி கேட்பதை ஏற்கனவே விட்டிருந்தாள். வீட்டில் பேசுவதும் குறைந்திருந்தது.

அன்று அவள் தூங்கப் போன பிறகு அந்த CCV-ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் மூன்று வருடம் கணிதம் படித்தவள் நான். ரோமன் எண்ணில் சுழி ஏன் இல்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை. போனில் தேடினேன், கொஞ்சம் கிடைத்தது. மீதியை அந்த நோட்டே சொன்னது.

நாம் 205 எழுதும்போது எண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கின்றன. 2 என்பது நூறுகளின் நாற்காலியில் இருப்பதால்தான் இருநூறு. நடு நாற்காலி காலி. அதைக் காலி என்று சொல்ல ஒரு குறி போடாவிட்டால் இரண்டும் ஐந்தும் ஒட்டிக்கொண்டு இருபத்தைந்தாகிவிடும். ரோமானியர்களுக்கு நாற்காலியே கிடையாது. C எங்கே நின்றாலும் நூறு. இரண்டு C, ஒரு V. எது இருக்கிறதோ அதை வரிசையாக வைத்துவிட்டால் போதும். இங்கே கரையில் நண்டை எண்ணுவதும் அப்படித்தான். நூறாகக் குவித்தது இரண்டு குவியல், தனியாக ஐந்து. பத்துக் குவியல் இல்லையே என்று மணலில் யாரும் வட்டம் வரைவதில்லை. ஒன்றுமில்லை என்பது ரோமானியர்களுக்குத் தெரியும், அதற்குச் சொல்லும் இருந்ததாம். எண்களுக்குள் அதை நிறுத்தி வைக்கத்தான் தேவை வரவில்லை.

இவ்வளவுதான். ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சிரித்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை அவளோடு நானும் போட்டில் ஏறினேன். நான் இருந்ததால் அன்று யாரும் வாய் திறக்கவில்லை. வழி முழுவதும் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். மரியாதையாகப் பேச வேண்டும், முதலில் நாம் மன்னிப்புக் கேட்டுவிட்டால் அவரும் இறங்கி வருவார் என்று ஒரு பேச்சு. எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட வேண்டும் என்று இன்னொரு பேச்சு.

வகுப்பறையில் பிள்ளைகள் பிரேயருக்குப் போயிருந்தார்கள். டீச்சர் என்னைவிட இளையவர். உட்காரச் சொன்னார்.

"உங்க பொண்ணு நல்லாப் படிக்கிற பொண்ணுதாம்மா. ஆனா பிடிவாதம். நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன் மிஸ். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் இன்னானு சொல்லுங்க, அதையும் சேத்துச் சொல்லிடறேன்."

"எந்தக் கேள்விக்கு?"

"ரோமன் எண்ணுல ஏன் இல்லனு கேட்டீங்களே."

அவர் மேசை மேலிருந்த கைடைப் புரட்டினார். "ரோமானியர்கள் சுழியைக் கண்டுபிடிக்கவில்லை. அவ்வளவுதான் இருக்கு."

"அது பதிலா மிஸ்? ஏன் இல்லனு கேட்டா, இல்லாததால இல்லனு சொல்ற மாதிரி இல்ல?"

"சிலபஸ்ல இருக்கறதத்தாம்மா நான் நடத்த முடியும்."

சுவரில் அவரே வரைந்து மாட்டிய தமிழ் எண்கள் அட்டை இருந்தது. ௧-இல் தொடங்கி ௰, ௱, ௲ வரை. "இதுல இருநூத்தி அஞ்சு எப்படி எழுதுவீங்க?" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு, நூறு, அஞ்சு."

"அந்த வட்டம் எங்க?"

நான் நாற்காலிக் கதையைச் சொன்னேன், நண்டுக் குவியலைச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில், "நீங்க சொல்றது சரிதாம்மா. ஆனா உங்க பொண்ணு இதை எழுதலயே. மூட நம்பிக்கைய எழுதியிருக்கா. அதுக்கு எப்படி மார்க்கு போடறது?" என்றார்.

"மார்க்கு கேட்டு வரல மிஸ். உங்க ஊர்ல களத்துல நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒண்ணுனா சொல்லுவாங்க?"

கைடை மூடி வைத்துவிட்டு, "லாபம்னு சொல்லுவாங்க" என்றார்.

"லாபம், ரெண்டு, மூணு. உங்க அப்பா அப்படித்தானே அளப்பாரு? அவரை நிக்க வெச்சு நாப்பது பேரு முன்னால யாராவது சிரிச்சா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்த அந்த நொடியிலேயே, அப்பாவை இழுத்திருக்கக் கூடாதோ என்றும் தோன்றியது. அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"சிரிச்சது தப்புதாம்மா. ஒண்ணு கேக்கறேன். அந்த வார்த்தையச் சொன்னா போட்டு கவுந்துடும்னு அவளுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஊரில் எல்லோரும் சொல்வதுதான் என்று பொதுவாக முடித்திருக்கலாம்.

மூன்று வருடம் முன்னால், அவளுக்கு அப்போது ஆறு வயது. கரையில் உட்கார்ந்து ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய நைனா படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். அன்று அவருக்குப் பாடு. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களுக்கு எல்லோரும் ஒரே நாளில் போக முடியாது, முறை வைத்துப் போவார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். அந்த இடங்கள் முகத்துவாரத்துப் பக்கம்தான் இருக்கின்றன. இவள் பள்ளியில் சொல்லிக் கொடுத்தபடி சத்தமாக, "ரெண்டு சுழி ன, மூணு சுழி ண" என்றாள். நான் வாயிலேயே அடித்தேன். உதடு பல்லில் பட்டு ரத்தம் வந்தது. "படகு கவுழணுமாடி உனக்கு?" என்று கேட்டதும் நான்தான்.

"நான்தான் சொல்லிக் கொடுத்தேன்" என்றேன் டீச்சரிடம்.

"அப்ப எங்கிட்ட இவ்ளோ கோவமா ஏம்மா வந்தீங்க?"

மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். தேர்வில் சுழி போட்டு எழுதினால்தான் மதிப்பெண், அதில் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொன்னதும், சரிங்க மிஸ் என்று நான் எழுந்ததும் நினைவிருக்கிறது. திரும்பி வரும் படகில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சிரித்தது தப்பு. அவள் பதிலைப் படித்துக் காட்டியது தப்பு. அதையெல்லாம் விட்டுக்கொடுக்க நான் இன்றைக்கும் தயாராக இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியும் தப்பில்லை என்பதுதான் அந்த எரிச்சல்.

மாலையில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இருநூற்று ஐந்தின் காலி நாற்காலியைச் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டாள். அவளே ஒரு உதாரணமும் சொன்னாள்: "போட்டுல என் பக்கத்துல யாரும் குந்தறதில்லையே, அந்த மாதிரியா?" நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"அதனால அது வெறும் எண்ணுதான். ஒண்ணும் பண்ணாது. அம்மா அன்னிக்கு அடிச்சது தப்பு. நீ தாராளமா எழுதலாம், சொல்லலாம்."

"அப்ப நீ சொல்லு."

"இன்னா சொல்லணும்?"

"அதான். நைனா பாடு நாள்ல போவும்போது கரையில நின்னு சொல்லு. அப்புறம் நான் எழுதறேன்."

"பாக்கலாம்" என்றேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்குப் பாடு. சனிக்கிழமை முழுவதும் எனக்குள் கணக்குப் படித்தவள் ஒருத்தியும் குப்பத்துப் பெண் ஒருத்தியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லால் தண்ணீரை முறுக்க முடியுமா? முடியாது. சரி, ஒருவேளை அன்றைக்குப் பார்த்து ஏதாவது ஆகிவிட்டால்? அப்போது அது என் வாயில் இருந்து வந்ததாக இருக்கும், ஆயுசுக்கும் அவள் அதை நம்புவாள். சொல்லாவிட்டாலும் நம்புவாள். அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் வலையை ஏற்றினார்கள். என் கணவரும் அவருடைய கூட்டாளியும்தான். கூட்டாளியின் மனைவி, பக்கத்து வீட்டு அக்கா, அவருக்குச் சோற்றுத் தூக்கு கொண்டு வந்து நின்றிருந்தார். என் மகள் நோட்டும் பென்சிலுமாகக் கரையில் நின்றாள். படகு மணலை விட்டு வழுக்கியது. அவள் படகைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"சுழி" என்றேன்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அக்கா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, "அடிப்பாவி, பாடு நாளும் அதுவுமா வாயப் பாரு" என்றார். கூட்டாளி துடுப்பை நிறுத்திவிட்டுக் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார், பிறகு நோட்டோடு நின்ற மகளைப் பார்த்தார்.

"இன்னாமே, பரீட்சை அவளுக்கா உனக்கா?" என்றார்.

"ரெண்டு பேருக்கும்" என்றேன்.

அவர் குனிந்து, தோஷம் கழியத் தண்ணீரை அள்ளிப் படகின் மூக்கில் மூன்று முறை தெளித்தார். எனக்குக் கோபமாக வந்தது, நிம்மதியாகவும் இருந்தது. மோட்டாரைப் போட்டார்கள். போய்விட்டார்கள்.

எழுதுகிறேன் என்று சொன்னவள் எழுதவில்லை. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்கு வா என்று நான் கூப்பிடவில்லை, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மீன் கழுவப் போகிற பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உச்சி வெயிலுக்குப் படகு தெரிந்தது. அதில் இரண்டு தலை இருக்கிறதா என்று எண்ணினேன். அவளும் எண்ணினாள், அவள் உதடு அசைந்தது.

கணவர் கூடையை இறக்கினார். அடியில் கொஞ்சம் இறால், இரண்டு மூன்று நண்டு.

"உன் வாய் முகூர்த்தம்" என்றார் என்னிடம். "ஒண்ணும் ஆவல. இறாலும் ஆவல."

கூட்டாளி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இதற்கப்புறம் ஒரு வாரம் அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. என் மகள் நோட்டைத் திறந்து, 1 போட்டு, பக்கத்தில் மெதுவாக ஒரு வட்டம் போட்டாள். கடுகு அளவுதான் இருந்தது. அழுத்தியதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

"நான் எழுதுன பதிலு தப்பா?" என்றாள்.

"தப்புதான்."

"சிரிக்கற தப்பா?"

"இல்ல."

மறுநாள் பரீட்சைக்குப் போனாள். ஸ்கூல் போட்டு கிளம்புகிற நேரத்தில் நான் கரையில் நின்றேன். "சுழி வந்துட்டாடா" என்று வழக்கம்போல ஒருவன் குரல் கொடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே திரும்பினாள்.

"என் பக்கத்துல குந்துனா நீ பத்து. இல்லன்னா வெறும் ஒண்ணுதான்."

அவன் முழித்தான். யாரோ ஒரு பெண் பிள்ளை சிரித்தது. படகோட்டி பின்னால் வரச் சொல்லிக் கை காட்டினார். அவள் போகவில்லை, நடுப்பலகையிலேயே உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இடம் காலியாகத்தான் இருந்தது. அங்கே யாராவது உட்காருவார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். படகு தூரம் போய்விட்டது, தலைகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து தெரிந்தன. எது அவள், எது பக்கத்துப் பிள்ளை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. படகு அக்கரையைத் தொடும்வரை, எங்கேயாவது சுழல்கிறதா என்று தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.